க்யூ உண்டு, யூ இல்லை: இப்படிச் சொற்கள் தேட உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். காத்தான்குடி, ஆரையம்பதிப் பிள்ளைகள் சிலருக்கு சனிக்கிழமைகளில் ஸ்கிரபிள், அதாவது எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் விளையாட்டு, பழக்குகிறேன். க்யூ (Q) எழுத்துக் கட்டை கைக்கு வந்தாலே முகம் வாடிவிடுகிறார்கள். 100 கட்டைகளில் அது ஒன்றுதான், 10 புள்ளி. ஆனாலும் ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின் பெரும்பாலும் யூ (U) வருவதால், யூ இல்லாவிட்டால் வீண் என்று நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. கிப்லா, நிகாப், ஃபக்கீர், தலாக் நான்கையும் ஆங்கிலத்தில் க்யூ போட்டு, யூ இல்லாமல், 5 எழுத்தில் எழுதலாம். விளையாட்டில் செல்லும் சொற்களைத் தரும் கொலின்ஸ் ஸ்கிரபிள் பட்டியலிலும் இருக்கின்றன. தங்கள் வீட்டில் புழங்கும் சொல்லுக்குப் புள்ளி கிடைக்கும் என்றதும் பிள்ளைகளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இதேபோல 6, 7 எழுத்துச் சொற்களையும் திரட்ட ஆசை. சொல்லின் நடுவில் வரும் எழுத்தை வைத்து அச்சு அகராதியில் தேடுவது சரிவராது. எக்ஸெலில் ஒரு கேள்விக்குறிக்கு ஓர் எழுத்து என்று போட்டு வடிகட்டலாம், ஆனால் எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லையே. எத்தனை எழுத்து, எது இருக்க வேண்டும், எது கூடாது என்று கொடுத்தால் தேடித் தருகிற, டேட்டா இல்லாமலும் போனில் ஓடுகிற இலவச ஆப் ஏதும் தெரியுமா? பாவித்துப் பார்த்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம், ஜே, எக்ஸ், ஸெட் வரும் சின்னச் சொற்கள் தெரிந்தாலும் கீழே எழுதிவிடுங்கள்.