ஸ்குவெல்ச்: இரைச்சல் நீக்கியா, ஒலிமடையா?

மடல் 1
மு. (வானொலிக் கழகம், தொழில்நுட்பப் பொறுப்பு)

குழுவினருக்கு வணக்கம்.

ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியின் அமெச்சூர் வானொலிக் கழகம் அப்போது ஒரு செயல்முறைக் கூடம் போடுகிறது. இதையே இணைப்பாட நடவடிக்கையாக எடுக்க நினைக்கும் மாணவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஒவ்வொரு கைவானொலிக்குப் பக்கத்திலும் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு வேண்டும். அழைப்புக்குறி, ஊர்தி அலை (குரலைச் சுமந்து செல்லும் வானொலி அலை), மறுபரப்பி (வந்த அலையை வாங்கி மீண்டும் பரப்பும் நிலையம்), அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) எல்லாம் முடிந்துவிட்டன. ஆன்டெனாவை ஆன்டெனா என்றே விட்டாயிற்று. அதைத் தொட்டால் அடுத்த ஏப்ரலும் போய்விடும்.

இழுத்துக்கொண்டிருப்பது ஸ்குவெல்ச் மட்டும், அதாவது யாரும் பேசாதபோது ஒலிபெருக்கியை அடைத்து வைக்கும் சுற்று. வரைவில் 'இரைச்சல் நீக்கி' என்று இருக்கிறது. அது கூடாது என்பது என் கருத்து.

அதிர்வெண் பண்பேற்ற வானொலியில் யாரும் பேசாதபோது 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாத இரைச்சல் வரும். ஊர்தி அலை ஏதும் இல்லாததால் வாங்கி (ரிசீவர்) தன் சொந்த இரைச்சலையே உச்சம்வரை பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஊர்தி அலை ஒன்று வந்ததும் இந்த இரைச்சல் அடங்கிவிடும். ஸ்குவெல்ச் சுற்று இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. வானொலியில் அனுப்பும் குரலுக்கு மேலே, ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் உள்ள இரைச்சலை மட்டும் வடிகட்டி எடுத்து, மின்னழுத்தமாக மாற்றி, நாம் திருகில் வைத்த வரம்போடு ஒப்பிடுகிறது. திருகைக் கூட்டக் கூட்ட இந்த வரம்பு இறங்கும். இரைச்சல் வரம்புக்கு மேலே இருந்தால் ஒலிபெருக்கிக்குப் போகும் வழியை அடைக்கிறது. கீழே இறங்கினால் திறக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வந்த குரலில் கலந்திருக்கும் இரைச்சலில் ஒரு துளியைக்கூட அது நீக்குவதில்லை.

'இரைச்சல் நீக்கி' என்று படித்த மாணவர் என்ன செய்வார்? நண்பரின் குரல் இரைச்சலோடு தேய்ந்து வரும்போது அந்தத் திருகைக் கூட்டுவார். இரைச்சல் போகும், நண்பரும் போய்விடுவார். வாராந்திர வலைச்சந்திப்பில் (வானொலியிலேயே கூடிப் பேசும் நேரம்) 'ஒன்றுமே கேட்கவில்லை' என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். போதாக்குறைக்கு, குரலில் கலந்த இரைச்சலை எண்முறைக் கணக்கால் உண்மையாகவே குறைக்கும் பொத்தான் இப்போதைய குறு அலை நிலையங்களில் தனியாக இருக்கிறது. 'இரைச்சல் நீக்கி' என்ற பெயர் அதற்குத்தான் உரியது.

சொல் எதுவானாலும் இரண்டு வேலை செய்ய வேண்டும். திறத்தல், மூடுதல் என்ற வினைகளோடு ஒட்ட வேண்டும். சுத்தம் செய்வதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

மு.

---

மடல் 2
இரா. (தமிழாசிரியர்)

வணக்கம் மு.,

விளக்கம் தெளிவாக இருந்தது, நன்றி. என் பங்குக்கு மூன்று: ஒலித்தடை, அமைதிப்படுத்தி, ஒலிவாயில்.

முதலாவதில் எனக்கே ஐயம் உண்டு. மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ் என்று மாணவர் மனத்தில் பதிந்திருக்கிறது, அதே வார்ப்பில் ஒலித்தடையை ஒரு பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது மாத்திரைக்குத்தான் பொருந்தும். மூன்றாவது பரவாயில்லையா?

இரா.

---

மடல் 3
செ. (மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல்)

ஐயாவுக்கும் மு. அண்ணாவுக்கும் வணக்கம்.

ஒலிவாயில் கேட்க நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் தருக்க வாயில் (லாஜிக் கேட்) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இசைப்பதிவுக் கூடத்திலும் நாய்ஸ் கேட் உண்டு, அதற்கு இரைச்சல் வாயில் என்று பெயர் வைத்தால் இரண்டும் இடிக்கும்.

என் கேள்வி வேறு. கருவியின் திரையில் 'எஸ்.க்யூ.எல்.' என்ற மூன்று எழுத்து மட்டுமே தெரியும். ஸ்குவெல்ச் என்றே எழுதிவிட்டால் திரையோடு பொருந்துமே? ஐ.எம்.டி.ஏ. (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) உரிமத்துக்கான தேர்வும் ஆங்கிலத்தில்தான். கழகத்தில் சேர்ந்த பிறகு மாணவர் எப்படியும் அந்தச் சொல்லைத்தான் கேட்கப்போகிறார்.

செ.

---

மடல் 4
கா. (வானொலிக் கழக மூத்த உறுப்பினர்)

எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி செ. சொல்வது நியாயம். திரையில் இருக்கும் எழுத்துகளைக் குறிப்பில் ஒருமுறை அப்படியே போடத்தான் வேண்டும். ஆனால் ஸ்குவெல்ச் என்பதைக் கேட்டு எந்த மாணவருக்கும் எதுவும் புரிவதில்லை, அதனால்தான் திருகைத் தவறான பக்கம் திருப்புகிறார்கள். பொருள் தெரியும் ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் கை சரியாகத் திரும்பும்.

என் முன்மொழிவு: ஒலிமடை. சுருக்கமாக மடை.

வயலுக்குத் தண்ணீர் விடும் வாய் மடை. திறப்போம், அடைப்போம். தண்ணீரின் அழுக்கை மடை வடிகட்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மு. கேட்ட இரண்டும் இதில் அமைகின்றன. கிளைச்சொற்களும் முறுக்காமல் வருகின்றன:

மடைவரம்பு: திருகில் வைக்கும் அளவு. பல கைவானொலிகளில் 0 முதல் 9 வரை.

மடைவால்: பேசியவர் பொத்தானை விட்டதும் 'க்ஷ்' என்று கேட்கும் இரைச்சல். ஊர்தி அலை நின்ற பிறகு மடை மூட நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாகிறது, அந்த இடைவெளியில் ஒழுகுவது இது.

தொனிமடை: ஊர்தி அலை வந்தால் மட்டும் போதாது, அதோடு குறிப்பிட்ட அடித்தொனியும் வந்தால்தான் திறப்பது. அடித்தொனி 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டியலில் ஒன்று. குரலுக்கு அடியில் ஓடும், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வாங்கி வெட்டிவிடுவதால் காதில் விழாது.

கடைசிச் சொல் அவசியம் வேண்டும். புதியவர்களைக் குழப்புவதில் முதலிடம் அதற்குத்தான். மறுபரப்பி நம்மிடம் அடித்தொனி கேட்கும், ஆனால் திருப்பி அனுப்பும்போது தொனி சேர்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மாணவர் அனுப்பும் பக்கம் வைக்க வேண்டிய தொனியை வாங்கும் பக்கமும் வைத்துவிடுகிறார். இவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது, இவருக்கு மட்டும் ஒன்றும் கேட்காது. கருவி பழுது என்று கொண்டுவந்து கொடுப்பார். பாவோஃபெங் யூவி-5ஆர் வைத்திருப்பவர்களுக்கு: கருவியின் மெனுவில் 13ஆம் எண் அனுப்பும் தொனி, 11ஆம் எண் வாங்கும் தொனி. 11ஐ 'ஆஃப்' என்று வைத்தால் சரியாகிவிடும். ஐயம் வந்தால் மோனி (மானிட்டர்) பொத்தானை அழுத்திப் பிடிக்கட்டும். அது மடையை வலுக்கட்டாயமாகத் திறக்கும். அப்போது குரல் கேட்டால் பழுது கருவியில் இல்லை, அமைப்பில்.

கா.

---

மடல் 5
இரா.

கா. அவர்களுக்கு வணக்கம்.

மடை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று தடைகள் தெரிகின்றன.

வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) புளோக்கில் வளர்ந்த பிள்ளை மடையைக் கண்ணால் பார்த்திருக்காது. 'மடை திறந்த வெள்ளம் போல்' என்பதை மட்டும் கட்டுரைக்காக மனப்பாடம் செய்திருக்கும். சரி, அதுவே போதும் என்று விட்டுவிடலாம்.

அடுத்தது, வகுப்பில் மடை என்று சொன்னதுமே 'மடையன்' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். வந்தே தீரும். அதனால் தலைப்பிலும் முதல் வரியிலும் ஒலிமடை என்று முழுதாகவே எழுத வேண்டும்.

மூன்றாவது, மு. விளக்கத்தின்படி இரைச்சல் பெருகினால் அடைகிறது, குறைந்தால் திறக்கிறது. வெள்ளம் வந்தால் மூடும் மடையா?

இரா.

---

மடல் 6
மு.

ஐயா, மூன்றாவதற்கு மட்டும் பதில்: அதன் வழியே பாய்வது ஒலி, இரைச்சல் மின்னழுத்தம் மடைப்பலகையை நகர்த்தும் கை. பெயர் பாயும் பொருளை வைத்து வருகிறது. எனக்கு முரண் தெரியவில்லை.

இந்தச் சொல் கழகத்தின் வேலைகளில் எங்கெல்லாம் வந்து நிற்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். அங்கே நிற்காத சொல் குறிப்பில் நின்று பயனில்லை.

வலைச்சந்திப்பு. யாரும் பேசாத அதிர்வெண்ணுக்குப் போ. மடைவரம்பை 0 ஆக்கு. இரைச்சல் கேட்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டி, இரைச்சல் நின்ற எண்ணில் நிறுத்து, அதற்கு மேல் போகாதே. விடுதி அறையிலிருந்து மொட்டை மாடிக்கோ எல்.இ.டி. விளம்பரத் திரைக்குப் பக்கத்திலோ போனால் மறுபடி செய். திரைகளின் மின்வழங்கி சில அதிர்வெண்களில் மெல்லிய ஊர்தி அலை போலவே கசியும், யாரும் பேசாமலே மடை திறந்து 'ர்ர்ர்' என்று கேட்கும். அங்கே எண்ணைக் கூட்டுவதைவிட நாலு எட்டு தள்ளி நிற்பது மேல். பேசும்போது பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துத் தொடங்கு. எதிர்முனைத் தொனிமடை அடித்தொனியை அடையாளம் காணச் சற்று நேரம் எடுக்கும், பொறுக்காவிட்டால் 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறியில் 'ஒன்பது' விழுந்துவிடும்.

விண்வெளி நிலையப் படங்கள். அனைத்துலக விண்வெளி நிலையம் சில நாள்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும். பிடி120 முறையில் ஒரு படத்துக்கு 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நிலையம் நம் தலைக்கு மேல் தெரிவதோ அதிகபட்சம் 10 நிமிடம் அளவுதான். இங்கே ஒலிமடை முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். ஆன்டெனா கொஞ்சம் திரும்பினாலும் அலை ஒரு கணம் தேயும், அப்போது மடை மூடிக்கொண்டால் படத்தில் ஒரு பட்டை அப்படியே வெறுமையாகும். திறந்திருந்தால் அந்த இடத்தில் புள்ளிகள் மட்டும் தெரியும், வரிகள் பிசகாது. டாப்ளர் விலகல் (நிலையத்தின் வேகத்தால் அதிர்வெண் நகர்வது) இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 3.4 கிலோஹெர்ட்ஸ்தான், அகலப் பண்பேற்ற அமைப்பில் 145.800ஐ மாற்றாமலே விடலாம். கைப்பேசியைக் கையில் பிடித்து ஒலிபெருக்கி அருகே வைத்தால் போதும், கம்பி தேவையில்லை. பக்கத்தில் பேசுபவர்களை மட்டும் தள்ளி அனுப்பவும்.

நரிவேட்டை. ஒளித்துவைத்த சிறு பரப்பியைத் தேடும் விளையாட்டில் மடை திறந்திருந்தால்தான் காது வேலை செய்யும். கைவானொலியை மார்போடு ஒட்டிப் பிடித்து மெல்லச் சுற்ற வேண்டும். பரப்பி முதுகுப் பக்கம் வரும்போது உடல் அலையை மறைக்கும், குரலுக்கு அடியில் இரைச்சல் ஏறும். இரைச்சல் மிகும் திசைக்கு நேர் எதிரே பரப்பி. மடையை இறுக்கி வைத்தவருக்கு இந்த ஏற்ற இறக்கம் கேட்காது. கேட்பதும் கேட்காததும் மட்டும் தெரியும். கிட்ட நெருங்கியதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவாகக் கேட்கும். அப்போது 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேட்கலாம், இல்லாவிட்டால் பரப்பியிலிருந்து சேர்ந்தே கசியும் மூன்றாம் மடங்கு அதிர்வெண்ணுக்குப் போகலாம்: பரப்பி 145.300 மெகாஹெர்ட்ஸ் என்றால் 435.900. அங்கே அலை மிக மெலிந்திருக்கும், திசை மறுபடி தெரியும்.

குறு அலை நிலையம். ஒற்றைப் பக்கப்பட்டையில் (எஸ்.எஸ்.பி. முறை) நிலையான ஊர்தி அலையே கிடையாது, ஆகவே நான் சொன்ன வகை மடைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பல கருவிகளில் ஒரே திருகின் இடப்பாதி ஆர்.எஃப். பெருக்கம் (வரும் அலையைப் பெருக்கும் அளவு), வலப்பாதி ஒலிமடை. 14 மெகாஹெர்ட்ஸில் ஜப்பானைத் தேடிக்கொண்டிருப்பவர் கை தெரியாமல் பட்டு வலப்பக்கம் போனால் அலைப்பட்டையே செத்துவிட்டது என்று நினைப்பார். திருகு நடுவில் நிற்க வேண்டும் என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போடலாம்.

நான்கு இடத்திலும் சொல் தடுக்கவில்லை. 'ஒலிமடையைத் திற' என்பதை எத்தனை முறை எழுதினாலும் ஆங்கிலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மு.

---

மடல் 7
செ.

அண்ணா, நரிவேட்டைப் பத்தியைப் படித்ததும் என் ஸ்குவெல்ச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: கா. அக்கா சொன்ன மடைவால் குறிப்பில் வேண்டாமே? முதல் நாளில் அது தேவைப்படாது, பெயரைக் கேட்டால் சிரிப்பும் வரும்.

செ.

---

மடல் 8
கா.

சிரிக்கட்டும், ஆனால் முதல் பக்கத்தில் இடம் இல்லை என்பது சரி. மடைவால் சொற்பட்டியலோடு நிற்கட்டும். ஒட்டுவதற்கான வாசகம் இது, திருத்தம் இருந்தால் வியாழனுக்குள் சொல்லவும்:

'ஒலிமடை (திரையில் எஸ்.க்யூ.எல்.). யாரும் பேசாதபோது ஒலிபெருக்கியை அடைத்து வைக்கும். வரும் குரலைத் தெளிவாக்காது. இரைச்சல் நிற்கும் மிகச் சிறிய எண்ணில் வைக்கவும். குரல் விட்டுவிட்டு வந்தால் எண்ணைக் குறைக்கவும், கூட்ட வேண்டாம். ஒன்றுமே கேட்காவிட்டால் மோனி பொத்தானை அழுத்திப் பார்க்கவும். அப்போது கேட்டால் வாங்கும் பக்கத் தொனிமடையை நிறுத்தவும். விண்வெளி நிலையப் படத்துக்கும் நரிவேட்டைக்கும் 0. உரிமம் இல்லாதவர் அனுப்பும் பொத்தானைத் தொட வேண்டாம்.'

தொனிமடையா தொனி மடையா என்று இரா. ஐயா முடிவு சொல்ல வேண்டும். எண்முறைக் குறியீட்டால் திறக்கும் வகைக்கு இன்னும் பெயர் இல்லை. குறிமடை என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாம்.

கா.