மாட்டுக்கொட்டகைக்குப் போன ஒயர்

திருவையாறு வாசி:
2012, ஐப்பசி அடைமழை. மழை வலுத்தால் பிராட்பேண்ட் அறுந்துவிடும், தொலைபேசியிலும் கரகரப்பு. மூன்றாம் முறை வந்த லைன்மேனை வாசலிலேயே நிறுத்திக் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ரோசெட்டிலிருந்து (வெளி லைன் வந்து சேரும் சுவர்ப்பெட்டி) கிளம்பும் ஒயரைத் தடவிக்கொண்டே கூடம், முற்றம், கொல்லை என்று நடந்தார். அப்பா கேட்டார் என்று மாட்டுக்கொட்டகைக்கு இழுத்த எக்ஸ்டென்ஷன் அது. அங்கிருந்த போனைக் கழற்றி ஆறு வருடமாகியும் ஒயர் கிடந்தது. கீற்று இடுக்கில் இருந்த ஒயர் இணைப்பு முறுக்கைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செம்பு பாசிபோலப் பச்சையாகியிருந்தது. அந்த முறுக்கைப் போட்டவன் நான். ரோசெட்டில் அதைக் கழற்றியதும் மோடம் விளக்கு நிலைத்தது. மன்னிப்புக் கேட்பதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார்.

மன்னார்குடி:
முறுக்கு மட்டும் காரணமாக இருக்காது, ஸ்பிளிட்டரைப் பாருங்கள், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் அந்தச் சிறு பெட்டியை. எங்கள் வீட்டில் மழையே இல்லை, வைகாசி வெயில். தங்கையின் கல்லூரி விண்ணப்பம் பாதி ஏறியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா அழைத்தார், அத்தை உள்ளறைப் போனை எடுத்து "யாரு?" என்றார். திரை அப்படியே நின்றது. அந்த ஒரு போனுக்குத்தான் ஸ்பிளிட்டர் இல்லை.

குடந்தை:
மன்னார்குடி நண்பரே, போனே இல்லாத ஒயரில் ஸ்பிளிட்டரை எங்கே மாட்டுவது? சும்மா கிடக்கும் ஒயரே கெடுக்கும். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். செம்புக் கம்பியில் வரும் பிராட்பேண்டான ஏடிஎஸ்எல் 2+ அலை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அது கிளை ஒயரின் முனையில் முட்டித் திரும்பி, வரும் அலையையே குலைக்கும். போதாததற்கு அந்த ஒயர் ஆன்டெனாபோல வானொலி இரைச்சலையும் இழுக்கும். என் வீட்டில் மூன்று கிளைகளைக் கழற்றினேன், சரியானது. அவ்வளவுதான் என் கதை.

இன்னும் செம்புக் கம்பியில் இருப்பவர்கள் ரோசெட்டில் உள்வீட்டு ஒயர் முழுவதையும் கழற்றி, மோடத்தை அங்கேயே மாட்டிப் பாருங்கள். மோடத்தின் அமைப்புத் திரையில் எஸ்என்ஆர் மார்ஜினை (இரைச்சலைத் தாண்டி லைனுக்கு மிச்சமிருக்கும் தெம்பைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, கிளைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் எண் சரிகிறதோ அதை நீக்குங்கள். ரோசெட்டிலேயே ஒரு ஸ்பிளிட்டர் வைத்து, அதன் போன் முனையிலிருந்து மட்டும் எக்ஸ்டென்ஷன்களை எடுத்தால் அறைக்கு அறை தேவையில்லை. தட்டை ஒயர் வேண்டாம், முறுக்கிய ஜோடி வாங்குங்கள். போன் மணிக்கான மூன்றாவது ஒயரைக் கழற்றச் சொல்லும் யோசனை பிரிட்டன் வீடுகளுக்கானது. நமக்கு வருவது இரண்டே கம்பி, அதில் கை வைக்காதீர்கள்.

திருவையாறு வாசி:
ஸ்பிளிட்டர் இருந்தது ஐயா, லைனும் அன்றே சரியாகிவிட்டது. நான் எழுதியது அந்த மனிதருக்காக. அடுத்த மழைக்கு வேறொருவர் வந்தார். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று மட்டும் சொன்னார்.