அயர்லாந்தின் 26.3 சதவீதத்தைக் கரும்பலகையில் காட்டுவது எப்படி?

வணக்கம். ஹற்றன் பக்கம் உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். தேசிய கணக்கீட்டில் ஓரிடத்தில் உங்கள் உதவி தேவை.

2015இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26.3 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவித்தார்கள். அங்குள்ளவர்களின் சம்பளமோ வேலைவாய்ப்போ அப்படி ஏறவில்லை. சில பல்தேசியக் கம்பனிகள் வரி குறைவு என்று தங்கள் புலமைச்சொத்தை (காப்புரிமை போன்றவை) அங்கே மாற்றியதுதான் பெரிய காரணம். அப்புறம், சீனாவில் ஒப்பந்தத்துக்குச் செய்யும் பொருள்கூட, உரிமை அயர்லாந்துக் கம்பனியிடம் இருந்தால் அயர்லாந்தின் ஏற்றுமதிதான். (கொழுந்து நம்ம மலையில், வரவு வேறெங்கோ என்று சொன்னால் வகுப்பு உடனே பிடித்துக்கொள்கிறது!) 2017இல் அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் 'திருத்திய மொத்தத் தேசிய வருமானம்' என்று தனி அளவீடே கொண்டுவந்தது.

சிக்கல் இங்கேதான். வெளிநாட்டவரின் இலாபத்தைக் கழித்த சாதாரண தேசிய வருமானமே போதாதா, திருத்தம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். நியாயமான கேள்வி. அங்கே மாற்றிய புலமைச்சொத்தின் தேய்மானம், அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பு, இலாபத்தில் சேராது. அதனால் அது வெளியே போகாமல் மொத்தத் தேசிய வருமானத்திலேயே தங்கிவிடுகிறது. அயர்லாந்துக் கம்பனிகள் குத்தகைக்கு விடும் விமானங்களின் தேய்மானத்துக்கும் இதே கதை. வாயால் சொன்னால் விளங்கவில்லை. சின்ன எண்களில் ஓர் உதாரணம் யாரிடமாவது இருக்கிறதா, டீச்சர்மாரே, சேர்மாரே?

நம் மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார வெளியீட்டின் தமிழ்ப் பதிப்பில் வெளிநாடு செல்லும் இலாபம் எந்த அட்டவணையில் வருகிறது என்றும் சொல்லுங்கள். பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டாலும் சரி.