டியூப் வழியாகச் சாப்பிடும் பையனைப் பகல் மையத்தில் விடலாமா?

பாலக்கோடு அம்மா:
வணக்கம். என் பையனுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம். தலை நிற்காது, மாதத்தில் இரண்டு மூன்று தடவை வலிப்பு வரும், ஒரு வருடமாகக் கஞ்சி, பால் எல்லாமே மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். இதுவரை மாமியார் துணைக்கு இருந்தார், இப்போது அவருக்கே முட்டி வலி, பையனைத் தூக்க முடியவில்லை. ஒரு பகல் மையத்தைப் போய்ப் பார்த்தேன், இடம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்த ஆயா ஒரு குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தபடியே சிரிஞ்சில் கஞ்சியை அழுத்தி ஏற்றினார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சொந்தக்காரர்களோ ஏதாவது ஹோமில் சேர்த்துவிடு என்கிறார்கள். என்ன செய்வது?

அரூர் நர்ஸ்:
நீங்கள் பயந்தது சரிதான் தங்கச்சி. படுத்த நிலையில் ஏற்றினால் கஞ்சி மேலே வந்து நுரையீரலுக்குப் போய்விடும், அப்புறம் நிமோனியாதான். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, கஞ்சி தானாக இறங்கும்படி மெதுவாக ஊற்ற வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன் டியூபில் மூக்கோரம் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்களா? வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுவோம் என்று தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு வருடம் ஆகிவிட்டதால், வயிற்றிலேயே டியூப் வைப்பது பற்றியும் குழந்தைகள் டாக்டரிடம் பேசுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
என் மகளுக்குப் பதினொன்று. ஒரு ஹோமில் நான்கு மாதம் விட்டேன், இடுப்பில் ஐந்து ரூபாய் அகலத்துக்குப் புண்ணோடு தூக்கி வந்தேன். திருப்பிப் போட ஆளில்லை, இரவில் முப்பது பிள்ளைக்கு ஒரே ஆயா. ஹோமே கூடாது என்று சொல்ல மாட்டேன், பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். இப்போது பகல் மையத்துக்குத்தான் அனுப்புகிறேன், முதல் வாரம் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தேன். மாத்திரை நேரம், எத்தனை மில்லி கஞ்சி, இடது கட்டைவிரலை மடக்கினால் வலிப்பு வரப்போகிறது என்பது வரை ஒரு நோட்டில் எழுதி அவள் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சிறப்பாசிரியர்:
பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயர் கொடுத்தீர்களா? மையத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வந்து பாடமும் பிசியோதெரபியும் கொடுப்பார்கள். 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு, இரண்டுக்கும் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பாலக்கோடு அம்மா:
ரொம்ப நன்றி. திங்கள்கிழமை நோட்டோடு அதே மையத்துக்குப் போகிறேன். அந்த ஆயாவுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது, என் பையனுக்கு ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்கிறேன். நர்ஸ் அக்கா, பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும், ஊற்றி எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பலாம்?

அரூர் நர்ஸ்:
ஒரு மணி நேரமாவது ஆகட்டும். மடியில் நிமிர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள்.