மொரிஸ் மைனர் 1000: எந்த கியர் பொக்ஸ் போடலாம்?

வணக்கம். அப்பாவின் 1961 மொரிஸ் மைனரை ஹட்டனில் வைத்துத் திருத்தி வருகிறேன். 948 சிசி எஞ்சின், டிப்ரன்ஷல் விகிதம் 4.55. பொடி வேலை, பிரேக் எல்லாம் முடிந்துவிட்டது. கியர் பொக்ஸில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கினிகத்தேனை இறக்கத்தில் எக்ஸலேட்டரை விட்டதும் செகண்ட் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை. ஐந்து மாதமாக இதே கதை. இப்போது லீவரை இடது கையால் அமத்திப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன், பிள்ளைகளை ஏற்றிப்போகப் பயமாக இருக்கிறது.

ஒயில் மாற்றினேன், மவுண்டிங் ரப்பர் புதிதாகப் போட்டேன். அப்புறம் பொக்ஸைக் கழற்றி கியரை இடத்தில் நிறுத்தும் செலக்டர் போல்களையும் (குண்டுகள்) ஸ்பிரிங்குகளையும் மாற்றினோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். செகண்ட் கியரைப் பூட்டிப் பிடிக்கும் சின்னப் பற்கள் முனை மழுங்கி, விரல் வைத்தால் வழுக்குகிறது. அந்தக் கியர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் இரண்டு பொக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1098 சிசி மைனருடையது. அதன் க்ளச் 7¼ அங்குலம், என்னுடையது 6¼, ஆகவே ஃப்ளைவீல், பின்தகடு எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். மற்றது டட்சன் ஐந்து கியர். அதற்கு அடப்டர் தகடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெட்டும் வேலை இருக்கிறது. காரின் தரையை வெட்ட எனக்கு மனமில்லை, ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில்.

மலைப்பாதையில் மைனர் ஓட்டுபவர்களே, இந்த இரண்டில் இறக்கத்தில் நம்பி இறங்கக்கூடியது எது?