ஸ்கிம்மிங், ஸ்கேனிங்: ஆறாம் வகுப்புக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்புக்கான வாசிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மேட்டூர் அணை பற்றி ஒரு பக்கம் கொடுத்து, எந்த ஆண்டு கட்டி முடிந்தது என்று கேட்டால், பிள்ளைகள் முதல் வரியிலிருந்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வருகிறார்கள். 1934 என்ற எண்ணை மட்டும் கண்ணால் பிடிக்கப் பழக்க வேண்டும், அது ஸ்கேனிங். தலைப்பையும் பத்திகளின் முதல் வரிகளையும் பார்த்துவிட்டுப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்வது ஸ்கிம்மிங். இப்போதைக்கு "மேலோட்ட வாசிப்பு", "வருடி வாசித்தல்" என்று போட்டிருக்கிறேன். சரியா?

– திண்டுக்கல் ஆசிரியை

> வருடி வாசித்தல்

ஸ்கேனர் கருவிக்கு வருடி என்பது பழகிவிட்டது. அதற்காக இங்கேயும் ஒட்ட வேண்டுமா? கருவி ஒரு புள்ளி விடாமல் தாள் முழுவதையும் எடுக்கும். உங்கள் பிள்ளையோ ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். நேர் எதிர் வேலை. "தேடிப் படித்தல்" போதும் அம்மா.

– சென்னை, மென்பொருள் தமிழாக்கம்

> மேலோட்ட வாசிப்பு

வாசிப்பு வடசொல், படிப்பு என்க. மேலோட்டம் அதைவிட மோசம், நுனிப்புல் மேய்வதற்குப் பங்காளி. செடிக்குச் செடி வாய் வைத்து நகரும் ஆட்டை நன்னூலார் கடைமாணாக்கனுக்கு அல்லவா உவமை சொன்னார்! அதையே பாடமாக நடத்தப் போகிறோமா?

சொல் நன்னூலின் அதே பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், இருக்கிறது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் சூத்திர நிலை நான்கு: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. இடைவிட்டுத் தாவுவது தவளை. வேண்டிய பொருளின்மேல் நேரே இறங்கி எடுத்துக்கொண்டு போவது பருந்து. "தவளைப் படிப்பு", "பருந்துப் படிப்பு". புதிதாக எதையும் ஆக்க வேண்டாம்.

– தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, யாழ்ப்பாணத்தில் வாசிப்பு என்றால்தான் பிள்ளைக்கு விளங்கும். படிப்பு என்றால் சோதனைக்குப் படிப்பது. "தவளைப் படிப்பு" என்று எழுதினால் விஞ்ஞான பாடம் என்று நினைக்கும்.

சொல்லைவிட எனக்கு வேறொரு கவலை. ஆங்கிலக் கையேடுகள் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடு என்று சொல்லித்தரும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் உடனே அகப்படும். எங்களுக்குப் பெரிய எழுத்தே இல்லை. போதாததற்குப் புணர்ச்சி. "மரம்" என்று தேடுகிற பிள்ளையின் கண் "மரத்தில்" என்பதைத் தாண்டிப் போகும். "கடல்" என்று தேடினால் "கடற்கரை" தப்பிவிடும். நான் தரம் 6 பிள்ளைகளுக்கு முதலில் சொல்லின் தலையைப் பிடிக்கத்தான் பழக்குகிறேன்: "மர", "கட". வால் எப்படியும் மாறும். எண்கள், அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாம் அதற்குப் பிறகு. மொழிபெயர்த்த கையேட்டில் இந்தப் பயிற்சி இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும்.

– யாழ்ப்பாணம்

அருமையான குறிப்பு. கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பதை 1879 வாக்கிலேயே பாரிசில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் கவனித்திருக்கிறார்கள். ஒரு நிற்றல் ஏறத்தாழ கால் நொடி. அப்படியானால் ஸ்கிம்மிங்குக்குத் "தாவிப் படித்தல்". ஐயாவின் தவளையும் உள்ளே வந்துவிடுகிறது.

– சென்னை

சாதாரணமாகப் படிக்கும்போதும் கண் தாவத்தான் செய்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டு, அதை ஒரு வகைக்கு மட்டும் பெயராக்குவது எப்படி?

வாசி பற்றி: அது வடசொல் என்று யார் முடிவு செய்தது? முயல் மொசலாகிறது, உயிர் உசிராகிறது. யகரம் சகரமாவது ஊரறிந்தது. வாய், வாயி, வாசி. வாயால் செய்வது வாசிப்பு.

– கோவை

முயலும் உயிரும் பேச்சில் திரிந்தவை. "வாயித்தல்" என்று யாராவது எழுதியதற்கு ஒரு சான்று காட்டுங்கள். வேர் வடமொழி "வாச்"தான். தவிர, வாயால் செய்வதுதான் வாசிப்பு என்றால் உதடசைக்காமல் படி என்று சொல்லும் பாடத்துக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

– தஞ்சாவூர்

(இதற்குப் பின் வாசியோகம், வீணை வாசித்தல், வீரமாமுனிவரின் 1732 அகரவரிசைச் சதுரகராதிக்கு முன், செய்யுளாக இருந்த நிகண்டை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேடிப் படிக்கும் தேவை இருந்ததா என்று வந்த பதினான்கு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. "தாவிப் படித்தல்", "தேடிப் படித்தல்" என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கோவை ஐயாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் "தாவு", "தேடு" என்று சொன்னால் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ஓரத்தில் ஒரு பருந்துப் படம் வைக்கிறேன். மரம், மரத்தில் பயிற்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. யாழ்ப்பாணத்து அம்மா இரண்டு பத்தி எழுதித் தந்தால் இன்றிரவே சேர்த்துவிடுவேன்.

– திண்டுக்கல்

அனுப்புகிறேன். எங்கள் பள்ளிக்கு மட்டும் படித்தலை வாசித்தல் என்று மாற்றிக்கொள்ள விடுங்கள்.

– யாழ்ப்பாணம்

படம் வைக்கிறீர்கள், சொல்லை வைக்க மாட்டீர்கள். "தேடிப் படித்தல்" கலைச்சொல் அன்று, அதன் விளக்கம். என் கலைச்சொல் தொகுப்பில் பருந்துப் படிப்பு என்றுதான் இருக்கும்.

– தஞ்சாவூர்