பழைய புரோட்டாக் கல் கேஸ் அடுப்பு: ஒரு பக்கம் மஞ்சள் தீ, மறுபக்கம் தீ எழும்பி நிக்குது

ஒத்தக்கடை புரோட்டா ஸ்டால்:

எல்லாருக்கும் வணக்கம். 3 அடிக்கு 2 அடி இரும்புக் கல், அடியில ரெண்டு பைப் பர்னர், ஒவ்வொண்ணுக்கும் தனி காக் (கேஸைத் திறந்து மூடுற திருகு). 19 கிலோ சிலிண்டர், பிரஷர் காட்டுற முள் வச்ச ஹை பிரஷர் ரெகுலேட்டர். அடுப்பு பழசு. கடை ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்துட்டு இப்பத்தான் திறந்திருக்கு.

இடது பர்னர் மஞ்சளா எரியுது, கல்லுக்கு அடியில கரி அப்புது, அந்தப் பக்கம் போட்ட புரோட்டா வேகவே மாட்டேங்குது. வலது பர்னர்ல தீ ஓட்டையை விட்டு எழும்பி 'உஸ்'னு இரைச்சலோட எரியுது, நிறுத்தும்போது 'டப்'னு வெடிக்குது. இடது காக் திருப்ப முடியாத அளவுக்கு இறுக்கம். புது அடுப்பு எடுக்கணுமா, இதையே சரி பண்ணிரலாமா?

திருமங்கலம் கேஸ் மெக்கானிக்:

அண்ணே, புதுசு வேண்டாம். கல்லும் ஸ்டாண்டும் நல்லா இருந்தா மத்ததெல்லாம் மாத்தக்கூடிய சாமான்தான்.

முதல்ல ஒண்ணு பாருங்க. சிலிண்டர்லயோ ரெகுலேட்டர்லயோ கோளாறுன்னா ரெண்டு பர்னருமே ஒரே மாதிரி சோர்ந்து எரியும். உங்களுக்கு ஒண்ணு ஒரு விதம், இன்னொண்ணு வேற விதம். அதனால ரெகுலேட்டரைத் தொடாதீங்க, பர்னரையும் ஜெட்டையும் (காக் முனையில கேஸ் பாயுற சின்னப் பித்தளை மூக்கு) பாருங்க.

இடது பக்க மஞ்சள் தீக்குக் காரணம் காத்து பத்தலை. ஜெட்ல இருந்து பாயுற கேஸ்தான் பக்கத்துக் காத்தை இழுத்துக்கிட்டு பர்னரோட மிக்சிங் டியூபுக்குள்ள (கேஸும் காத்தும் கலக்குற குழாய்) போகும். ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்த அடுப்புன்னா அந்த டியூப் வாயில குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். புரோட்டாக் கடைக்கு இன்னொரு தொல்லை மைதாத் தூசி. காத்தோட சேர்ந்து உள்ள போயி, எண்ணெய்ப் புகையோட ஒட்டி, டியூபோட உள்சுவர்ல பசை மாதிரி படிஞ்சிரும்.

சிலிண்டர் வால்வை மூடிட்டு, சிலிண்டர் டியூபுல மிச்சம் இருக்குற கேஸை எரிய விட்டுத் தீருங்க. கல் நல்லா ஆறட்டும். அப்புறம் பர்னரை உருவி எடுங்க. ஜெட் காக்லயே நிக்கும், பர்னர் மட்டும் கையோட வரும். டியூப் வாயில டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, கடைசி வரைக்கும் முழு வட்டமாத் தெரியணும். அரை வட்டமாத் தெரிஞ்சா உள்ள அடைப்பு இருக்கு. பாட்டில் கழுவுற நீளப் பிரஷ்ஷை விட்டுத் தேய்ச்சு, கவுத்துப் போட்டுத் தட்டுங்க.

மேல இருக்குற ஓட்டைகளுக்கு, 2 மி.மீ. ஓட்டைன்னா அதே 2 மி.மீ. டிரில் பிட்டைக் கையால சுத்துங்க. மெஷின்ல மாட்டிராதீங்க. துரு தின்னு ரெண்டு ஓட்டை ஒண்ணாச் சேர்ந்திருந்தா அந்தப் பர்னர் முடிஞ்சுருச்சு, மாத்திருங்க.

ஜெட்டை ஸ்பானர் போட்டுக் கழட்டி மண்ணெண்ணெய்லயோ தின்னர்லயோ ஊற வச்சு ஊதுங்க. அடைப்பு போகலைன்னா செம்பு வயர்ல ஒரே ஒரு இழை எடுத்துக் குத்தலாம். தையல் ஊசி கூடவே கூடாது. ஜெட் பித்தளை, ஊசி ஸ்டீல், ஓட்டை அகலமாயிரும். ஓட்டையோட விட்டம் 10 சதவீதம் கூடினாலே கேஸ் 21 சதவீதம் கூடப் பாயும். அப்புறம் கேஸும் காத்தும் அளவு பொருந்தாது, தீ ஒழுங்கா நிக்காது.

திரும்ப மாட்டும்போது ஜெட்டோட மூக்கு டியூபுக்கு நேர் நடுவுல பாக்கணும். சாஞ்சிருந்தா ஒரு பக்கம் மட்டும் எரியும்.

உசிலம்பட்டி ஓட்டல்:

பர்னரை ஆசிட் ஊத்திக் கழுவினா ஒரே நாள்ல பளபளன்னு ஆயிருமே, இவ்வளவு வேலை எதுக்கு?

திருமங்கலம் கேஸ் மெக்கானிக்:

வேண்டாம்ணே. ஆசிட் துருவோட சேத்து இரும்பையும் தின்னும், ஓட்டையோட விளிம்பு மெலிஞ்சிரும். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில உப்பு வேற அதிகம், கழுவிட்டு ஈரத்தோட வச்சா மறுநாளே துரு கிளம்பிரும். கம்பி பிரஷ் போதும். தண்ணி பட்டே ஆகணும்னா வெயில்ல காய வச்சு, மாட்டின உடனே 10 நிமிஷம் எரிய விடுங்க.

மாட்டுத்தாவணி ஸ்பேர்ஸ்:

தம்பி, அந்த இறுக்கமான காக்கைப் பிளையர் போட்டுத் திருகாதீங்க. கிரீஸ் காஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். சிலிண்டரை மூடிட்டு காக்கைப் பிரிச்சா உள்ள கூம்பு மாதிரி பித்தளைக் கட்டை இருக்கும். ஒரு நேரத்துக்கு ஒரு காக் மட்டும் பிரிங்க. ஒவ்வொரு கட்டையும் அதோட கூட்டுக்குன்னே இழைச்சது, இடது வலது மாறினா கசியும். மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. கட்டையில கோடு விழுந்திருந்தா காக்கையே மாத்தணும். கேஸ் காக்குக்குன்னு சூடு தாங்குற கிரீஸ் கடையில கேட்டாக் கிடைக்கும், அதை மெல்லிசாத் தடவுங்க, நடு ஓட்டையில ஏறக் கூடாது. சமையல் எண்ணெய் விட்டா அன்னைக்கு லேசாத் திரும்பும், சூட்டுல பிசினாகி முன்னைவிட இறுகிரும்.

எல்லாத்தையும் மாட்டின பிறகு சோப்புத் தண்ணி சோதனை. பர்னர் காக் ரெண்டையும் மூடி, சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டர் நட்டு, சிலிண்டர் டியூபோட ரெண்டு முனை, காக்கோட கழுத்து எல்லாத்துலயும் நுரையைத் தடவுங்க. குமிழ் வந்தா அங்க கசிவு. கடையில சால்னா வாசம் தூக்கலா இருக்கும், கேஸ் வாசத்துக்கு மூக்கை நம்ப முடியாது. தீக்குச்சி காட்டிப் பாக்குற பழக்கம் இருந்தா இன்னையோட விடச் சொல்லுங்க.

உங்க ரெகுலேட்டர்ல முள் இருக்குறதால இன்னொரு வழியும் இருக்கு. பர்னர் காக்குகளை மூடி வச்சு, சிலிண்டரைத் திறந்து மறுபடி மூடுங்க. 10 நிமிஷத்துல முள் இறங்கினா எங்கயோ கசியுது.

சிலிண்டர் டியூபையும் பாருங்க. வீட்டு அடுப்புக்குப் போடுற ஆரஞ்சு டியூப் ஹை பிரஷர் ரெகுலேட்டருக்கு ஆகாது. வீட்டு ரெகுலேட்டர் விடுறது 30 மில்லிபார் அளவுதான், உங்களோடது அதைவிடப் பல மடங்கு விடும். கம்பி பின்னின ஹை பிரஷர் ஹோஸ்தான் போடணும்.

மேலூர் மெஸ் அக்கா:

பர்னரை மட்டும் பாத்தாப் போதாது தம்பி, கல்லையும் இறக்கிப் பாருங்க. அடியில அப்பின கரி சூட்டை மேல ஏற விடாது. இடது பக்கம் வேகாததுக்குப் பாதிக் காரணம் அதுதான். ஆறின பிறகு அரத்தாலயோ தகட்டாலயோ சுரண்டுங்க. கொதிக்கிற கல்லுல சொம்புத் தண்ணியை அப்படியே ஊத்துற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. கல் வளைஞ்சு, எண்ணெய் ஒரு மூலையில தேங்கி, அங்கிருந்து பர்னர் மேல வடியும்.

தீயோட உள் நீலக் கூர் கல்லைத் தொடக் கூடாது, கொஞ்சம் கீழயே நிக்கணும். தொட்டா கேஸ் அரைகுறையா எரிஞ்சு கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும்.

ஆடிக் காத்துக்குப் பயந்து நாலு பக்கமும் தகரம் அடிச்சிருக்கீங்களா? அடியில காத்து நுழைய வழியும் பின்னால சூடு வெளியேற ஒரு இடைவெளியும் விடணும். இல்லேன்னா தீ முன்பக்கமா நாக்கை நீட்டும், காக்கோட பிடி உருகும்.

பத்த வைக்கும்போது முதல்ல நெருப்பைக் காட்டி, அப்புறம் காக்கைத் திறங்க. இந்தக் கேஸ் காத்தைவிடக் கனம், அடுப்புப் பெட்டிக்குள்ளேயே தேங்கி நிக்கும். முதல்ல திறந்தா 'குப்'னு முகத்துக்கு வரும்.

ஒத்தக்கடை புரோட்டா ஸ்டால்:

ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. இடது டியூப் வாயில குளவி மண்ணேதான். எடுத்துட்டேன், இப்ப நீலமா எரியுது. காக்கும் லேசாயிருச்சு, சோப்புத் தண்ணியில குமிழ் இல்ல. ஆனா வலது பர்னர் அப்படியேதான் இரையுது. டியூப் வாயில காத்தைக் கூட்டிக் குறைக்குற காத்துத் தகட்டைப் பாதி மூடியும் கேக்கல.

திருமங்கலம் கேஸ் மெக்கானிக்:

அப்ப ஜெட்டைச் சந்தேகப்படுங்க. ரெண்டு ஜெட்டையும் இடம் மாத்தி மாட்டுங்க. இரைச்சல் இடது பக்கம் போனா ஜெட் பெருசு, யாரோ முன்னாடி மாத்தியோ குத்தியோ விட்டிருக்காங்க. இடது ஜெட்டையே மாதிரி கொண்டு போயி அதே அளவுல வாங்குங்க. இரைச்சல் வலது பக்கமே நின்னா பர்னர்ல பாதி ஓட்டை அடைச்சிருக்கு, மிச்ச ஓட்டை வழியா எல்லாக் கேஸும் வேகமாப் பாயுதுன்னு அர்த்தம். ஓட்டைகளை இன்னொரு தடவை சுத்தம் பண்ணுங்க.

அது சரியான பிறகு தகட்டை முழுசா மூடி, மஞ்சள் நுனி வரவும் கொஞ்சம் கொஞ்சமாத் திறங்க. மஞ்சள் மறையுற இடத்துல நிறுத்தி ஸ்க்ரூவை இறுக்குங்க, அதுக்கு மேல திறந்தா மறுபடி எழும்பும். 'டப்' சத்தமும் பெரும்பாலும் அதோட குறையும். நிறுத்தும்போது காக்கை மெதுவா மூடாம சட்டுனு மூடுங்க. மெதுவா மூடினா கேஸோட வேகம் குறைஞ்சு தீ பின்வாங்கி டியூபுக்குள்ள பூந்துரும்.

அடுத்த தடவை கடை பூட்டும்போது ரெண்டு டியூப் வாயிலயும் துணி அடைச்சு, காக் பிடியில ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைங்க. துணியை எடுத்த பிறகுதான் ரிப்பனை அவுக்கணும்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிருங்க.